முட்டுக்கட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் அக்டோபர் சனிக்கிழமை, இண்டியானாவில் அறுவடை முடிந்த சோளக்காட்டு ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அலுவலக நண்பர் டிராக்டரும் படகும் நிறுத்த ஒரு ‘போல் பார்ன்’ கட்டிக்கொண்டிருந்தார். நாலடிக் குழி தோண்டி மரத்தூண்களை நட்டு, தூண்களின் தலையில் முக்கோண ட்ரஸ்களை ஏற்றி, தகரம் அடித்தால் கொட்டகை தயார். சுற்றிலும் அஸ்திவாரச் சுவர் கிடையாது. கிரேன் தூக்கும் ட்ரஸ் காற்றில் சுழலாமல் இருக்க ஒரு முனையைக் கயிறு கட்டிப் பிடித்திருக்க வேண்டும். கோட் எழுதத் தெரிந்தவனுக்கு அங்கே தரக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

மதியத்துக்குள் நான்கு ட்ரஸ்கள் ஏறிவிட்டன. ஒவ்வொன்றும் 40 அடி நீளம், எட்டடிக்கு ஒன்று. ஒன்றையொன்று விலகாமலிருக்க மேலே குறுக்காக நீளச் சட்டங்கள் அடித்திருந்தோம். பார்க்க அழகாக, நேராக நின்றது. எல்லாருக்கும் பெருமைதான். அப்போது நண்பரின் மாமா வந்தார். எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற தச்சர். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏணியில் ஏறி, கடைசி ட்ரஸ்ஸின் உச்சியில் ஒரு கையை வைத்துத் தள்ளினார்.

நான்கும் சேர்ந்து அசைந்தன. காற்றில் தென்னை ஓலை அசைகிற மாதிரி, ஒரே தாளத்தில், ஒரே பக்கமாக.

“கீழ யாரும் நிக்காதீங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கிரேனை நிறுத்தினார்கள். நான் நின்றிருந்தது இரண்டாவது ட்ரஸ்ஸுக்கு நேர் கீழே.

பொறியியல் முதலாண்டில் ‘இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்’ பாடத்தில் நானும் ட்ரஸ் கணக்கு போட்டவன். ஒவ்வொரு மூட்டிலும் விசைகளைச் சமன்படுத்தி, எந்தச் சட்டம் இழுபடுகிறது, எது அழுத்தப்படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தக் கணக்கு எதிலும் ட்ரஸ் பக்கவாட்டில் சாய்ந்ததே இல்லை. எப்படிச் சாயும்? தாளில் வரைந்தது. தாளுக்கு மூன்றாவது திசை கிடையாது. நிஜ ட்ரஸ்ஸின் தடிமன் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். 40 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம்! நிமிர்த்தி வைத்தால் டன் கணக்கில் பனியைத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு கிழவர் ஒற்றைக் கையால் தள்ளலாம்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணிதம் பழையது. அழுத்தப்படும் மெல்லிய தண்டு எப்போது நடுவில் வளைந்து வெளியேறும் என்பதை ஆய்லர் 1744இலேயே எழுதிவிட்டார். தாங்கல் இல்லாத நீளம் இரட்டிப்பானால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். ட்ரஸ்ஸின் மேல்சட்டம் அப்படி ஓர் அழுத்தப்படும் தண்டு. கூரைத் தகரமும் அதன் கீழே ஓடும் பர்லின் கட்டைகளும் வந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் அது, தாளில் இருக்கிற ட்ரஸ் ஆகிறது. அதுவரை அது வேறு ஜந்து.

பழைய அமெரிக்கத் தச்சர்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. ஊரே கூடிக் களஞ்சியம் எழுப்புகிற வழக்கத்தை ஆமிஷ் மக்களிடம் இன்றும் பார்க்கலாம். பருத்த மரங்களைத் துளையும் நாக்குமாகச் செதுக்கிக் கோத்து, முழுச் சட்டகத்தையும் தரையில் படுக்க வைத்துப் பூட்டி, நீண்ட கழிகளால் தள்ளி நிமிர்த்துவார்கள். மூலைகளில் சாய்வாக ஒரு குட்டைச் சட்டம் மர ஆணியால் இறுகியிருக்கும். முட்டு அங்கே கட்டடத்தின் உறுப்பு, தனியாக ஞாபகம் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த முறைக்குப் பெருமரமும், தேர்ந்த தச்சரும், கை கொடுக்க ஓர் ஊரும் வேண்டும்.

1930களில் மூன்றுக்கும் பஞ்சம். பண்ணை நிர்வாக ஆலோசனை நிறுவனம் நடத்திய ஹோவர்ட் டோனும் அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் பெர்கின்ஸும் தூண்களை நேரே மண்ணில் நட்டு மலிவாகக் கொட்டகை கட்டும் முறையை வளர்த்தெடுத்தார்கள். மண்ணில் நட்ட மரத்தைக் கரையானும் ஈரமும் தின்னாமல் இருக்க மருந்து வேண்டுமே? கிரியோசோட் ஏற்கெனவே இருந்தது. பின்னாளில் பரவலான செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையைக் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சொண்டி காமேசன், 1933இல். அமெரிக்கப் பண்ணைகளில் பல காலம் மண்ணுக்குள் மக்காமல் நின்ற தூண்களில் ஓர் இந்தியரின் வேதியியல் ஊறியிருக்கிறது. நண்பரிடம் சொன்னேன். ஆர்செனிக்கா என்று தூணிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

தூண் ஆயிற்று. கூரையை மாற்றியது 1955. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கால்வின் ஜுரைட் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் வரிசையாகப் பற்களைக் குத்தி எடுத்து, மரச்சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வைத்து இயந்திரத்தால் அழுத்தினார். தச்சன் ஒரு நாள் செதுக்கும் மூட்டு நொடிகளில் முடிந்தது. மெல்லிய மரம் போதும், தொழிற்சாலையில் செய்து லாரியில் அனுப்பலாம். வீட்டுக் கூரையில் இரண்டடிக்கு ஒன்றாக வைத்த இந்த ட்ரஸ்கள் பண்ணைக் கொட்டகைக்குப் போனபோது தூண்களுக்கு ஏற்ப எட்டடி இடைவெளிக்கு விரிந்தன. இரண்டடி இடைவெளி என்றால் அடுத்த ட்ரஸ்ஸைக் கையால் எட்டிப் பிடிக்கலாம், சின்னக் கட்டை போதும். எட்டடியில் முட்டுச் சட்டமே நீண்டு மெலிந்து, தானே வளையப் பார்க்கும்.

பருத்த மரம் போனபோது அதிலேயே இருந்த முட்டும் போய்விட்டது. தகட்டைக் கண்டுபிடித்தவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ட்ரஸ்ஸை நிமிர்த்தி நிறுத்தும் முதல் சில மணி நேரத்துக்கு என்ன செய்வது என்பதை ஒருவரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஏறியவர்கள் ஒவ்வொருவராகப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ட்ரஸ் தகடு நிறுவனங்களின் சங்கம் முட்டு பற்றிய பரிந்துரைகளை ‘பிடபிள்யூடி-76’ என்ற பெயரில் வெளியிட்டது 1976இல், தகடு வந்து இருபது வருடம் கழித்து. தூக்குவது, நிறுத்துவது, முட்டுக் கொடுப்பது எல்லாம் சேர்ந்த விரிவான கையேடு 1991இல் வந்தது. தூண் கட்டடங்களுக்கென்று தனியாக 1998இல். இன்று எல்லாரும் சொல்லும் ‘பிசிஎஸ்ஐ’ 2003இல். வருடங்களை வரிசையாகப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

நடுவில் 1979. என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில், ஓஹேர் விமான நிலையத்துக்கு அருகே ரோஸ்மாண்ட் அரங்கம் எழும்பிக்கொண்டிருந்தது. அது ட்ரஸ்ஸோ கொட்டகையோ இல்லை. பலகைகளை ஒட்டிச் செய்த ராட்சத மர வளைவுகள் சேர்ந்த கூரை, பொறியாளர்கள் கணக்குப் போட்ட பெரிய கட்டடம். அந்த ஆகஸ்ட் 13 அன்று கூரை சரிந்தது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள், 16 பேர் காயமடைந்தார்கள். தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் விசாரணையில் வெளிவந்தது எளிய விஷயம்: இணைப்புகளில் இருந்திருக்க வேண்டிய போல்ட்டுகளில் பாதிக்கும் மேல் இல்லை. வளைவுகளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் தற்காலிக முட்டும் போதவில்லை. முடிந்த கூரைக்கான கணக்கு சரி. முடியாத கூரைதான் விழுந்தது.

முடியாத கூரை யாருடைய பொறுப்பு? இங்கேதான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ட்ரஸ் வடிவமைப்பாளர் ஒரு ட்ரஸ்ஸுக்கு மட்டும் பொறுப்பு. எல்லாம் சேர்ந்து நிற்பது கட்டட வடிவமைப்பாளரின் பொறுப்பு. எழுப்பும்போது கொடுக்கும் தற்காலிக முட்டு கட்டுபவரின் பொறுப்பு. வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இதையெல்லாம் தெளிவாகப் பிரித்திருப்பார்கள். ஆனால் பல மாநிலங்களில் பண்ணைக் கட்டடங்களுக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. கட்டட வடிவமைப்பாளர் என்று ஒருவரே இருக்க மாட்டார். மூன்று பேரின் பொறுப்பு, கடைசியில் கயிறு பிடித்தவன் தலைக்கு மேல் தொங்கும். 60 அடிக்கு மேற்பட்ட ட்ரஸ் என்றால் முட்டைத் திட்டமிட ஒரு பொறியாளரை வைத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு. எங்கள் 40 அடிக்கு மாமாதான் பொறியாளர்.

அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் ட்ரஸ்ஸிலிருந்து தொடங்கினார். மண்ணில் முளைகளை அறைந்து, அங்கிருந்து ட்ரஸ்ஸின் மேல்சட்டத்துக்குச் சாய்வாக நீண்ட கட்டைகளைக் கொடுத்தார். “இது ஒண்ணு அசையாம இருந்தாத்தான் மத்ததுக்கு அர்த்தம்” என்றார். பிறகு மேல்சட்டங்களின் தளத்தில் மூலைவிட்டமாகச் சட்டங்கள், அடுத்து உள்சட்டங்களின் தளத்தில் பெருக்கல் குறி போல, கடைசியாகக் கீழ்ச்சட்டத்தில். நாங்கள் அடித்திருந்த குறுக்குச் சட்டங்களை அவர் பழிக்கவில்லை. அவை நான்கையும் சேர்த்துக் கட்டியிருந்தன, அவ்வளவுதான். சேர்த்துக் கட்டியவை சேர்ந்தே விழும். மூலைவிட்டம் வந்தால்தான் செவ்வகம் முக்கோணமாகும், சாய்வு எங்காவது தரைக்குப் போய்ச் சேரும். என் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன்: பத்து சர்வர்கள் ஒன்றையொன்று ‘நீ நலமா’ என்று விசாரித்துக்கொண்டு பத்தும் ஒரே நொடியில் படுத்ததை. அங்கே யாரும் சாகவில்லை.

இரண்டு மணி நேரம் போனது. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் கிரேன் ஓட்டுநர் கைகட்டி நின்றார். நண்பரின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது தெரிந்தது. தமிழில் நமக்கு முட்டுக்கட்டை என்றால் தடை. ‘முட்டுக்கட்டை போடறான்’ என்று ஆளைத் திட்டுவோம். அந்த மதியம் மாமாவைப் பற்றி எல்லாருமே மனசுக்குள் அப்படித்தான் நினைத்திருப்போம். மிச்ச ட்ரஸ்களை அவர் ஒவ்வொன்றாக ஏற்ற விடவில்லை. இரண்டிரண்டாகத் தரையிலேயே பர்லினும் மூலைவிட்டமும் அடித்து, பெட்டி மாதிரி ஆக்கித் தூக்கச் சொன்னார். அது ஆடாமல் ஏறியது.

சாயங்காலம் பொருட்களை ஒதுக்கும்போது ட்ரஸ் கட்டோடு வந்த பிளாஸ்டிக் உறை புல்லில் கிடந்தது. பிரிக்கவே இல்லை. உள்ளே பாதுகாப்புத் தாள்: ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், படங்களோடு. மேலே ஏறுபவர்கள் யார் என்று அச்சடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாமா செய்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. அவரிடம் காட்டினேன். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன குளிர்காலத்தில் மகனை ஹாக்கி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ரோஸ்மாண்ட் அரங்கத்தைக் கட்டி முடித்து 1980இல் திறந்திருக்கிறார்கள், இப்போது வேறு பெயர். முதல் பாதி முழுக்க நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். “அப்பா, கோல் போட்டாங்க, பாத்தியா?” என்றான். பார்க்கவில்லை.