குளியலறை மின் பாதுகாப்பு: எம்.சி.பி. மட்டும் போதாது

புதுதில்லி: குளிர்காலத்தில் தில்லியின் இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. கிட்வாய் நகர் போன்ற அரசு ஊழியர் குடியிருப்புகளில் அப்போது கீசர் அன்றாடத் தேவையாகிவிடுகிறது. பணியிட மாற்றத்தால் குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும் இத்தகைய வீடுகளில், முன்பிருந்தவர் அமைத்த மின் இணைப்பை அடுத்து வருபவர் சோதிக்காமலே பயன்படுத்த நேரிடலாம். அந்த இணைப்பில் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

ஈரத்தில் ஆபத்து ஏன்?

இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அத்தடை வெகுவாகக் குறைந்துவிடும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் மின்கசிவுள்ள குழாயைத் தொட்டால், மின்னோட்டம் அவரது உடல் வழியே நிலத்துக்குப் பாயும்.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும்

2,000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதற்குரிய 16 ஆம்பியர் எம்.சி.பி., மிகைச்சுமையிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் மின்கம்பியைக் காக்கிறது. ஆனால், ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே இதயத்துடிப்பை நிலைகுலையச் செய்யக்கூடும். அந்த அளவை எம்.சி.பி. உணராது.

அதை உணர்வது ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவுத் தடுப்புக் கருவி. செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு எழுந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். உயிர்க்காப்புக்கு 30 மில்லி ஆம்பியர் திறனுடையது பொருத்தப்படுகிறது. இது மிகைச்சுமையைத் தடுக்காது என்பதால் இரு கருவிகளும் தேவை.

விதிகள் கூறுவது

மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் மின்கசிவுத் தடுப்புக் கருவி இடம்பெற்றுள்ளது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை, குளியலறையை நீரின் அருகாமைக்கேற்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டருக்குள் வழக்கமான பிளக் சாக்கெட் அமைக்கக் கூடாது. தொட்டியின்றி ஷவர் மட்டும் உள்ள இடங்களில் இந்த இடைவெளி 1.2 மீட்டர் ஆகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* கீசரை எர்த் இணைப்புள்ள மூன்று முனை சாக்கெட்டில் மட்டுமே இணைக்க வேண்டும். இரு முனை அடாப்டர் எர்த் இணைப்பைத் துண்டித்துவிடும்.
* கீசரின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருப்பது நல்லது. நீர் சூடானதும் அணைத்துவிட்டுக் குளிப்பதே பாதுகாப்பு.
* வாளியில் இடும் ஹீட்டர் கம்பியை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பின்னரே நீரைத் தொட வேண்டும்.
* கீசர், ஹீட்டர் கம்பி ஆகியவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும்.
* ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இணைப்பு துண்டிக்கப்படாவிடில் கருவியை மாற்ற வேண்டும்.
* குழாயில் லேசான அதிர்வு உணரப்பட்டாலும் மெயின் சுவிட்சை அணைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரை நேரடியாகத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதன்பின் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.