பழனி மலை ஏரிகளும் காட்சிமுனைகளும்

திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் பரவியுள்ள பழனி மலையின் ஒரு பகுதி, 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனஉயிரின சரணாலயத்தில் அடங்கும். சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 609 சதுர கி.மீ.

கொடைக்கானல் ஏரி: 1863-இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் முயற்சியால் ஓடைகளைத் தடுத்து உருவாக்கப்பட்டது. நகருக்குள் உள்ளது, படகுச் சவாரி உண்டு.

பேரிஜம் ஏரி: நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், காப்புக்காட்டுக்குள் உள்ளது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவதால் இங்குக் குளிக்கவோ படகு விடவோ இயலாது. வழியில் தொப்பி தூக்கும் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு ஆகியவை உள்ளன. காட்டுமாடுகள் அடிக்கடி தென்படும்.

தூண்பாறை: சுமார் 400 அடி உயர்ந்து நிற்கும் மூன்று பாறைகள். பிற்பகலில் மூடுபனி மறைத்துவிடும். காலையே ஏற்ற நேரம்.

பரப்பலாறு அணை: ஒட்டன்சத்திரத்துக்குக் குடிநீர் தரும் 90 அடி அணை. ஒட்டன்சத்திரம்–பாச்சலூர் மலைச்சாலையில் ஏறும்போது நீர்த்தேக்கத்தை மேலிருந்து காணலாம். இச்சாலை தாண்டிக்குடி வழியாகக் கொடைக்கானலை அடைகிறது.

பேரிஜம் செல்ல வனத்துறை அனுமதிச்சீட்டு கட்டாயம். யானைகள் நடமாடும் நாட்களில் அனுமதி நிறுத்தப்படும்.