அடையாற்றுக் கழிகளும் அம்பத்தூர்ச் செப்புகளும்

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே மகன் மரியோ சிறைவைக்கப்பட்டார். அம்மையார் ஐரோப்பா திரும்ப 1946 ஆயிற்று.

மழலையருக்கு எண் கற்பிக்க அவர் வகுத்த சாதனத்தில் 0 முதல் 9 வரை பத்து அறைகள். அவற்றில் இட்டு நிரப்ப 45 மரக்கழிகள். பூஜ்யத்தின் அறையில் எதுவும் வைப்பதில்லை. இன்மையைக் கண்ணுக்குக் காட்டிவிடும் அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பே. ஆனால் பாவனை விளையாட்டை அவர் அவ்வளவாக மதிக்கவில்லை. பொய்ச் சமையலைவிட மெய்யான வேலையையே குழந்தை விரும்பும் என்பது அவர் கட்சி.

இவ்விடத்தில் அவரோடு எனக்குப் பிணக்கு. சிறுமியர் கட்டும் மணல்வீட்டுக்கென்று ஆண்பாற் பிள்ளைத்தமிழ் 'சிற்றில்' என ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறது (அதைச் சிதைக்கவரும் பையனுக்காகத்தான் என்பது வேறு கதை). மணற்சோறு ஆக்குபவள் ஆளுக்கோர் இலை போட்டாக வேண்டும். எண்ணிக்கை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அம்பத்தூரில், நான்கு வயதுப் பேத்தி மரச்செப்புகளைப் பரப்பி ஐந்து விருந்தினருக்கு ஐந்து பூவரசிலை இட்டாள். கரடிப் பொம்மை வரவில்லையாம். "இந்த இலைக்கு ஆளே இல்லை தாத்தா" என்றவள், அதில் மட்டும் சோறு பரிமாறவில்லை.