மார்கழி இருட்டும் ஆறு மணி ஷிப்டும்

கடலூர் மாவட்டத்தின் பழைய கதையைச் சொல்ல வருகிறவர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தையும் சிதம்பரம் கோயிலையும் வடலூர் சபையையும் விரிவாகப் பேசுவார்கள். சைக்கிள் என்று வந்தால் ‘அந்தக் காலத்து ஏழைகளின் வாகனம்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். அந்த ஒரு வரி போதாது என்பது என் கட்சி. குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் சைக்கிள் எப்படி வேர் பிடித்தது என்று தெரிய வேண்டுமானால், மார்கழி, தை மாதத்துப் பனியில் விடிவதற்கு முன் அது யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போனது என்று பார்க்க வேண்டும். குளிரில் சைக்கிள் மிதிக்கும் பழக்கத்தை இந்த ஊர்களுக்குக் கொண்டுவந்ததில் வறுமைக்குப் பங்கு உண்டு. ஆனால் வேலைநேரம் சூரியன் கையிலிருந்து கடிகாரத்தின் கைக்கு மாறியதுதான் அதைவிடப் பெரிய காரணம்.

முதல் கேள்வி எளிதில் எழும்: இந்தப் பக்கத்தில் குளிர் என்று ஒன்று இருக்கிறதா? பின்லாந்தில் ஔலு என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே பனிக்கட்டி மூடிய பாதையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே 2013-இல் ஒரு பன்னாட்டு மாநாட்டையும் அந்த ஊர் நடத்தியது. அவர்களிடம் போய் இருபது டிகிரியைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். கடலூர்க் கரையில் மார்கழி, தை விடியற்காலை வெப்பம் பெரும்பாலும் அந்த இருபதை ஒட்டியே இருக்கும். ஆனால் உடம்பு வெப்பமானியைப் பார்த்துக் குளிர்வதில்லை. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் இங்கே வீட்டுக்கு வீடு எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து உருக்குகிறார்கள். வாடைக்காற்றில் கடலின் ஈரம் இருக்கிறது. காற்றே அசையாத விடியலில்கூட மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவரின் முகத்தில் அதே வேகத்தில் ஈரக்காற்று மோதும். அவர் மேலே கம்பளிக் கோட்டு கிடையாது. ஒரு பருத்திச் சட்டை, வேட்டி அல்லது கைலி, தலையில் சுற்றிய துண்டு, அவ்வளவுதான். ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த பழந்தமிழ் மரபு அவற்றில் இரண்டை முன்பனி, பின்பனி என்று பனிக்கே கொடுத்திருக்கிறது. பனி பெய்யும் இருட்டில் வெளியே போவது எப்படிப்பட்டது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குப் பின்லாந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சைக்கிள் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்று நாம் ஓட்டும் வடிவத்தில், சம அளவுச் சக்கரங்களும் பின்சக்கரத்துக்குச் செயினுமாக, அது இங்கிலாந்தில் 1885-இல் விற்பனைக்கு வந்தது. காற்றடைத்த டயர் 1888-இல் சேர்ந்தது. அடுத்த அரை நூற்றாண்டு நமக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் கப்பலில் வந்த ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் வண்டிகள். அவை உத்தியோகஸ்தர், வக்கீல், வாத்தியார், வசதியான மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியவை. முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கூட்டாளியோடு 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டியைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் தமிழ்நாட்டுக் கிராமத்தான் எட்டிப்பிடிக்கும் தூரத்துக்குச் சைக்கிள் வந்தது. வாங்க முடியாதவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை இருந்தது. நகராட்சியும் பஞ்சாயத்தும் வாகன வரி என்று சைக்கிளுக்கும் வரி போட்டு, கட்டியதற்கு அடையாளமாக வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் ராத்திரியில் ஓட்டினால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் இன்றைய அறுபது வயதுக்காரர்களுக்குக்கூட மறந்திருக்காது. வரியும் விளக்குச் சட்டமும் ஒன்றைக் காட்டுகின்றன: சைக்கிள் அப்போதே விளையாட்டுப் பொருளாக இல்லை, இருட்டிலும் சாலையில் ஓடும் வாகனமாகியிருந்தது.

இந்த வட்டாரத்தில் அந்த இருட்டை அன்றாடமாக்கியது நெய்வேலி. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930-களில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வந்ததும், அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை வெட்டியெடுப்பதற்கான நிறுவனம் 1956 நவம்பரில் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்; 1961-இல் நிலக்கரிப் படுகை வெளியே தெரிந்தது; அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. நம் கதைக்கு வேண்டியது மின்சாரமோ கரியோ இல்லை, ஷிப்ட். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் சுரங்கம் அது. நகரியத்தில் குடியிருப்புக் கிடைத்தவர்கள் போக, ஒப்பந்தத் தொழிலாளிகளும் சொந்த ஊரை விட மனமில்லாதவர்களும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டர் என்றால் மிதிப்பதற்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

இங்கே சூரியனின் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஆனி மாதத்தில் கடலூரில் ஐந்தே முக்காலுக்கு முன்பின்னாகச் சூரியன் வந்துவிடும். ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து மணிக்குக் கிளம்பியவருக்குப் பாதி வழியிலேயே வெளுத்துவிடும். தை பிறக்கும்போது சூரியன் ஆறரையைத் தாண்டித்தான் எழும். அதே ஐந்து மணிக்குக் கிளம்பியவர் வழி முழுக்க இருட்டில் மிதிப்பார், சுரங்க வாசலில் இறங்கும்போதும் இருட்டாகவே இருக்கும். சூரியன் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பின்வாங்குகிறது, ஷிப்ட் ஒரு நிமிடம்கூட நகர்வதில்லை. அந்த முக்கால் மணி நேர வித்தியாசத்தைத் தொழிலாளி தன் உடம்பால் ஈடுகட்டினார். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புபவர் பாடும் லேசில்லை. நெய்வேலியிலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் வர வேண்டுமானால் கிழக்கே மிதிக்க வேண்டும். வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிற காலத்தில், தூக்கம் கெட்ட உடம்போடு அது எதிர்க்காற்று.

இந்தச் சவாரிக்கு வண்டியும் ஒத்துழைத்ததில்லை. அன்றைய சைக்கிள் விளக்கு டயரில் உரசிச் சுழலும் டைனமோவால் எரிந்தது. பனியில் டயர் நனைந்தால் டைனமோ வழுக்கும், விளக்கு மினுக்கும். அழுத்தி வைத்தால் மிதி கனக்கும். வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும் என்பதால், எதிரே லாரி வரும்போது ஓரம் கட்டி நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத ஆளாகிவிடுவார். கம்பி பிரேக் ரப்பர் கட்டை ஈர இரும்பு ரிம்மில் பிடிக்கச் சற்று நேரமாகும். தோல் சீட்டு ஊறிப்போகாமல் பாலிதீன் பையைக் கவிழ்த்துக் கட்டினார்கள். செவிக்கும் கழுத்துக்கும் மப்ளர் சுற்றினார்கள். மப்ளர் இல்லாதவர் துண்டைக் காதோடு முண்டாசாக இறுக்கினார். இவை சில்லறைச் சங்கதிகள் என்று தோன்றலாம். ஆனால் விளக்கு, பிரேக், சீட்டு, துண்டு என்று ஒவ்வொன்றிலும் பனிக்கு ஒரு ஏற்பாடு இருந்தது என்றால், பனியில் போனது எப்போதோ நேர்ந்த அவசரம் இல்லை, அன்றாடம் என்று பொருள்.

கடிகாரம்தான் காரணம் என்பதற்கு மறுப்பு ஒன்று உண்டு. உழவன் எந்தக் காலத்தில் விடிந்த பிறகு எழுந்தான்? மார்கழி என்றாலே விடியுமுன் எழுந்து பஜனை பாடித் தெரு சுற்றுவதுதானே நம் வழக்கம்? நியாயமான கேள்வி, ஆனால் பஜனை சுற்றியது சொந்தத் தெருவை, அதுவும் நடந்து. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போவதும், தைப்பூச ஜோதிக்கு வடலூர் போவதும் ஆண்டுக்கு ஒரு முறை. உழவனோ பனியோடு போட்டி போடுவதில்லை, அது விலகும் வரை காத்திருப்பான். தை அறுவடையில் கதிரில் பனி ஈரம் காயட்டும் என்று பொழுது ஏறிய பிறகே அரிவாளை வைப்பது வழக்கம். சூரியனை நம்பிய வேலைக்குப் பனி ஓய்வு கொடுக்கும். கடிகாரத்தை நம்பிய வேலை அந்த ஓய்வைக் கொடுக்காது. பால்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடு என்றும் விடியலில்தான் கறந்தது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் என்று ஒன்று வந்து, பேருந்து நிறுத்தத்து டீக்கடை முதல் ஷிப்டுக்காரருக்காக நாலரைக்கே அடுப்பு மூட்டியபோது, கேரியரின் இருபுறமும் கேனைத் தொங்கவிட்டவர் இருட்டில் சாலையேற வேண்டியதாயிற்று. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலம் எடுத்து உள்ளூர்களுக்கு மீன் கொண்டுவந்தவரும், ரயிலில் இறங்கும் செய்தித்தாள் கட்டுக்காகக் காத்திருந்த பையன்களும் இதே வரிசையில் வருவார்கள்.

குறிஞ்சிப்பாடியின் சொந்தத் தொழிலான நெசவு இந்த வாதத்துக்கு மறுபக்கச் சான்று. கைலி நெய்யும் தறிக்குழியில் உட்கார்ந்தவருக்கு விடியற்காலைச் சாலையில் வேலையில்லை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுபவருக்கு அது உலர வெயில் வேண்டும். மார்கழி மூட்டத்தில் அவரும் காத்துத்தான் ஆக வேண்டும். நெய்த கைலியைக் கட்டி கேரியரில் வைத்துச் சங்கத்துக்கோ வியாபாரியிடமோ போனது பொழுது விடிந்த பிறகு. ஒரே ஊர், ஒரே தெரு, ஏறத்தாழ ஒரே வருமானம். நெசவாளர் வெயிலில் சைக்கிள் மிதித்தார், சுரங்கத்துக்குப் போன அடுத்த வீட்டுக்காரர் பனியில் மிதித்தார். வறுமை மட்டுமே காரணமாக இருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது.

பேருந்தும் ரயிலும் இருந்தனவே என்பார்கள். கடலூர், விருத்தாசலம் ரயில்பாதை குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாகத்தான் போகிறது. நெடுங்காலம் மீட்டர்கேஜாக இருந்தது. ஆனால் நாளுக்குச் சில வண்டிகள் ஓடும் பாதையில் மூன்று ஷிப்டுக்கும் பொருந்த வண்டி கிடைக்காது. பேருந்து பெரிய சாலையோடு போய்விடும். பரவனாற்றுக் கரையிலும் பெருமாள் ஏரிப் பக்கத்திலும் உள்ள ஊரிலிருந்து அந்தச் சாலைக்கு வரவே சைக்கிள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஊர்ச்சாலைகள் அரித்துக் கிடக்கும், மார்கழியில் அவற்றைச் செப்பனிட்டிருக்க மாட்டார்கள். வரவேண்டியவர் பள்ளத்தில் இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்.

வலுவான மறுப்பு மொபெட். ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது 1980-இல். கொஞ்சம் காசு சேர்ந்ததும் சைக்கிளை விட்டுவிட்டார்களே, அப்படியானால் சைக்கிள் வறுமையின் அடையாளம்தானே? சைக்கிளை விட்டார்கள், நேரத்தை விடவில்லை. அதே ஐந்து மணி இருட்டில், அதே சாலையில், இப்போது பெட்ரோலில் போனார்கள். குளிரும் குறையவில்லை, கூடியது. சைக்கிள் மிதிப்பவர் உடம்பு செலவிடும் சக்தியில் சுமார் கால் பங்குதான் மிதிக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. அதனால்தான் முதல் இரண்டு கிலோமீட்டரில் நடுங்கியவர் மூன்றாவதில் துண்டைத் தளர்த்துவார். மொபெட்காரருக்கு வேகம் இரட்டிப்பு, உடற்சூடு இல்லை. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் சாலையில் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். குளிருக்கேற்ற வண்டி எது என்று கேட்டால் சைக்கிள் என்றே சொல்வேன்; மேல்மூச்சு வாங்கும் வலியைக் கழித்துவிட்டுச் சொல்லவில்லை.

சைக்கிளை ஆண்கள் கைவிட்ட அதே காலத்தில் அது பெண் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு அரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06-இல் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்குமாக விரிந்தது. பொதுத்தேர்வு பங்குனியை ஒட்டி வருவதால், சிறப்பு வகுப்புகளும் டியூஷனும் சரியாக மார்கழி, தை மாதத்தில்தான் விடிகாலைக்கு நீளும். சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பனியில் மிதித்துப்போகும் பிள்ளைகளை அங்கே அனுப்பியதும் ஒரு கால அட்டவணைதான். இந்தத் தலைமுறையின் சவாரிக்கு டைனமோ கிடையாது, பெரும்பாலான வண்டிகளில் விளக்கே கிடையாது. சாலைகளோ அகலமாகி, வண்டிகளின் வேகம் கூடிவிட்டது. விளக்குக்காகக் காற்றைப் பிடுங்கிய அந்தக் காலத்துப் போலீஸ்காரர் இன்று கொஞ்சம் தேவைப்படுகிறார்.

கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சிலையும் செப்பேடும் போல, வரி கட்டிய சைக்கிள் வில்லையும், டைனமோ விளக்கும், வாடகை சைக்கிள் கடையின் கணக்கு நோட்டும் அங்கே இடம்பெறத் தகுதியுள்ளவை. குறிஞ்சிப்பாடி, வடலூர்ப் பக்கத்து வீட்டுப் பரண்களில் அவை இன்னும் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒரு முறை அருங்காட்சியகத்தில் கேட்டுப்பாருங்கள்.