கழுத்து வரையா, கருப்பைக்குள்ளா?

பன்றிகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்ய இன்று இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழைய முறையில், திருகு முனையோ பஞ்சு முனையோ கொண்ட குழாயைக் கருப்பைக் கழுத்தில் பொருத்தி விந்தை அங்கேயே விடுகிறார்கள். புதிய முறையில் அந்தக் குழாய்க்குள் மெல்லிய இன்னொரு குழாயைச் செலுத்தி, கழுத்தைத் தாண்டிக் கருப்பைக்குள்ளேயே சேர்க்கிறார்கள். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் பண்ணையின் கணக்கே மாறிவிடுகிறது.

கழுத்தில் விடும்போது ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும், ஒரு பகுதி வெளியே வழிந்துவிடும். அதனால் ஒரு தவணைக்கு 80 முதல் 100 மில்லி, அதில் 250 முதல் 300 கோடி விந்தணுக்கள் தேவை. கருப்பைக்குள் சேர்த்தால் 40 முதல் 50 மில்லியில் 150 கோடியே போதும். ஒருமுறை எடுத்த விந்தில் 6,000 கோடி அணுக்கள் இருந்தால், 300 கோடி வீதம் 20 தவணை, 150 கோடி வீதம் 40 தவணை. பன்றியின் விந்தணு குளிரைத் தாங்காது. மாட்டு விந்தைப் போல உறையவைத்து ஆண்டுக்கணக்கில் நம்பிக்கையோடு வைத்திருக்க முடிவதில்லை. 17 டிகிரி அளவில் சில நாள்கள்தான் வைக்கலாம். நல்ல கிடாவின் (ஆண் பன்றியின்) விந்தைச் சிக்கனமாகச் செலவிடுவது அதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.

செய்முறையும் நேர்மாறானது. பழைய முறையில் தாய்ப்பன்றியின் முகத்துக்கு நேரே கிடா நிற்க வேண்டும். அதன் வாசனையிலும் உறுமலிலும் கருப்பை சுருங்கி விந்தைத் தானே உறிஞ்சும். ஐந்து, பத்து நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும், பையை அழுத்திப் பிழியக் கூடாது. புதிய முறையிலோ கிடாவை அப்புறப்படுத்தி, கழுத்து தளரும்வரை காத்திருந்து, பிறகு ஒரு நிமிடத்துக்குள் விந்தைச் செலுத்திவிடலாம். உள்குழாய் தடைபட்டால் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. குழாய் முனையில் இரத்தம் தெரிந்தால் உள்ளே காயம் என்று பொருள். இன்னும் ஈனாத இளம் பன்றிகளுக்குக் கழுத்து குறுகலாக இருப்பதால் இம்முறை பொதுவாக ஒத்துவராது.

சரியாகச் செய்தால் சினைப்பிடிப்பிலும் ஈற்றுக் குட்டிகளின் எண்ணிக்கையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிக்கனம் மிதமிஞ்சி அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் ஈற்றளவு சுருங்கும். முறையை விடப் பெரிய காரணம் நேரம். கிடாவை ஏற்று அசையாமல் நிற்கும் காலத்தின் மூன்றில் இரண்டு பங்கு கழியும் சமயத்தில்தான் கருமுட்டை வெளிவருகிறது. அதைத் தவறவிட்டால் எந்தக் குழாயும் பயன்படாது.

நூற்றுக்கணக்கான தாய்ப்பன்றிகளும் பழகிய ஆள்களும் உள்ள பண்ணைக்குப் புதிய முறையே இலாபம். அசாமில் வீட்டுக்கு ஒன்றிரண்டு பன்றி வளர்ப்பவர்களுக்குப் பழைய முறையையே நான் பரிந்துரைப்பேன். கிடா இல்லாத வீட்டில் முதுகை அழுத்தியும் விலாவைத் தடவியும் ஓரளவு ஈடுகட்டலாம். 2020 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த மாநிலத்தை வாட்டிவருகிறது. அதனால் கிடாவை ஊர் ஊராக ஓட்டிச் செல்வதை விட, நோயற்றதெனச் சோதித்த விந்தை வாங்குவது மேல்.

எந்த முறையானாலும், விந்துக்குச் சொல்லி அனுப்பும் முன் காலையும் மாலையும் பருவம் பார்க்கப் பழகுங்கள். கருவூட்டிய நாளைக் குறித்துவைத்து, 21ஆம் நாளை ஒட்டி மீண்டும் பருவத்துக்கு வருகிறதா என்று தவறாமல் பாருங்கள்.