அடுத்த சைஸ்

மாமாவின் லாரி போன ஆடியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

1980-களில் எண்ணூரில் பிறந்த லேலண்ட் காமெட் அது. மாமா அதை மூன்றாவது கையாக வாங்கி, பின்னால் கொக்கியும் கப்பியும் பொருத்தினார். காலையில் ராயபுரம் குடோன்களிலிருந்து சில்லறை லோடு. மத்தியானத்துக்கு மேல் எண்ணூர் ரோட்டில் நின்றுபோகும் குட்டி யானை, வேன், கார் எதையாவது இழுத்துவருவது. கன்டெய்னர் டிரெய்லர் பக்கம் அது போகாது, மாமாவுக்கு அந்த ஆசையும் கிடையாது. இந்த வருமானத்தில்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தார்.

மெக்கானிக் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை. பிஸ்டனைத் தள்ளவேண்டிய அழுத்தம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிகிறது என்று அர்த்தம்.

“ஃபுல் இன்ஜின் வேலை பார்த்தாவணும்ணா. ரிங்கு மட்டும் மாத்துனா மூணு மாசம் தாங்காது.”

செலவைக் கேட்டால், வண்டியை எடைக்குப் போட்டால் வரும் காசுக்குப் பக்கத்தில் நின்றது. மாமா என் பக்கம் திரும்பினார். “நீ இன்ஜினியர்தானடா, சொல்லு. வேலை பாக்கலாமா, உடைக்கப் போட்டுடலாமா?”

நான் பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓ.எம்.ஆரில் கோட் எழுதுகிறவன். டீசல் இன்ஜினின் உள்ளே பார்த்தது காலேஜ் லேபில் மட்டும்தான், அதுவும் வெட்டிவைத்து பெயின்ட் அடித்த மாடல். “ரெண்டு நாள் டைம் குடு மாமா” என்றேன். அந்த இரண்டு நாளில் படிக்க ஆரம்பித்ததை இன்னும் நிறுத்தவில்லை.

*

எண்ணூர் தொழிற்சாலை லாரிக்காகத் தொடங்கப்பட்டதில்லை. 1948 செப்டம்பர் 7 அன்று ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் ‘அசோக் மோட்டார்ஸ்’ கம்பெனியை ஆரம்பித்தார். இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வரும் ஆஸ்டின் கார்களை மெட்ராஸில் பூட்டி விற்பது திட்டம். 1949-ல் ஆஸ்டின் ஏ40 வெளியே வந்தது. ஆனால் புது நாட்டுக்குக் காரைவிட லாரி அவசரமாகத் தேவைப்பட்டது. 1950-ல் லங்காஷயரின் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம், அடுத்த வருடம் காமெட் லாரிகள். இடையில் சரண் விமான விபத்தில் இறந்துபோனார். 1955-ல் லேலண்டும் பங்குதாரராகச் சேர, கம்பெனி ‘அசோக் லேலண்ட்’ ஆனது.

இதற்கு நடுவில் டெல்லியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 1953-ன் டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஒட்டி, பாகங்களை இறக்கிப் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக உள்ளூரிலேயே தயாரிக்கவேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. எண்ணூரில் லேலண்ட் தங்கியது.

உள்ளூரில் தயாரிப்பது என்றால் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். வடசென்னையில் அதற்கான வேலை முன்பே தொடங்கியிருந்தது. செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் வந்துவிட்டது. சிம்ப்சன் கம்பெனி 1950-களில் பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை இங்கே தயாரித்தது. தொழிற்சாலைக்கு உள்ளே கற்ற கை வெளியே வந்து லேத்துப் போட்டது. மாமாவின் மெக்கானிக்குடைய குருநாதரும் அப்படி எங்கோ அப்ரன்டிஸாக இருந்து வெளியே வந்தவர்தானாம்.

*

இன்ஜினை இறக்கிய அன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். பிளாக்கில் 370 என்ற எண். இது லேலண்டின் வழக்கம், கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லி அதையே இன்ஜினுக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். 370 கன அங்குலம் கிட்டத்தட்ட 6 லிட்டர். ஆறு சிலிண்டர், நூறுக்குச் சற்று மேல் குதிரைசக்தி. இன்றைய லாரிகளோடு பார்த்தால் கம்மிதான். ஆனால் மாமாவுக்கு வேண்டியது வேகமில்லை. நின்றுபோன ஒரு வேனை முதல் கியரில் திணறாமல் நகர்த்தும் இழுவை போதும்.

பழைய ஸ்லீவுகளைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு இறக்கி, சைஸுக்கு போர் செய்வார்கள். தேய்வதெல்லாம் ஸ்லீவ்தான், பிளாக்கை ஒன்றும் செய்வதில்லை. கிராங்க் கதை வேறு. தேய்ந்து கோடு விழுந்த கழுத்துகளை கிரைண்டிங் போட்டு மெல்லியதாக்குவார்கள். அதற்கேற்பத் தடிமனான பேரிங்கை உள்ளே வைப்பார்கள். பட்டறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: பத்து, இருபது, முப்பது, நாற்பது. பத்து என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதில் என்னை அசரவைத்தது ஒன்றுதான். அந்தத் தடிமனான பேரிங்குகளை யாரும் பட்டறையில் செய்துகொள்வதில்லை, டப்பாவில் சைஸ் அச்சிட்டுக் கடையில் விற்கிறார்கள். இது தேயும், யாரோ திறப்பார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் இரும்பு மிச்சம் இருக்கட்டும் என்று இன்ஜினை வரையும்போதே யோசித்திருக்கிறார்கள்.

எல்லோரும் அப்படி யோசித்தார்களா என்றால் இல்லை. 1960-களின் கடைசியில் இங்கிலாந்து லேலண்டே ‘500’ என்று ஒரு இன்ஜின் கொண்டுவந்தது. ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட் போகிற தொல்லை இல்லை, ஏனென்றால் கேஸ்கெட்டே கிடையாது. காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் ஒரு வால்வைப் பார்க்கவேண்டுமென்றாலும் கீழேயிருந்து பிஸ்டனைக் கழற்றித்தான் உள்ளே போகமுடியும். ‘தலையில்லாத இன்ஜின்’ என்று பெயரெடுத்து, பழுதுகளுக்காகவே நினைவில் தங்கி, 1970-களோடு முடிந்துபோனது. அந்தக் கம்பெனியின் சரிவுக்குக் காரணங்கள் பல, ஒரு இன்ஜின் மேல் மொத்தப் பழியையும் போடக்கூடாது. 1987-ல் அதன் லாரிப் பிரிவு நெதர்லாந்தின் டாஃபோடு சேர்ந்தது. 1993-ல் அந்தக் கூட்டுக் கம்பெனியும் திவாலானது. லேலண்ட் ஊரில் இன்றும் லாரி தயாராகிறது, ஆனால் அதன் நெற்றியில் இருப்பது டாஃப். லேலண்ட் பெயரைப் பார்க்க எண்ணூர் ரோட்டில் நின்றால் போதும்.

ஹெட்டைக் கழற்றமுடிகிற பழைய இன்ஜின்களோ இங்கே பல பத்தாண்டுகள் ஓடின. லாரியில் மட்டுமில்லை, ஜெனரேட்டரில், காசிமேட்டு விசைப்படகில் என்று எல்லா இடத்திலும்.

*

இதை எழுதும்போது ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் போகலாம். போக மனசு வரவில்லை.

மாமாவின் அக்கா, அதாவது என் அம்மாவுக்கு வீசிங். மணலிப் பக்கமிருந்து காற்று அடிக்கிற ராத்திரிகளில் இன்ஹேலர் தலைமாட்டிலேயே இருக்கும். 2020 ஏப்ரல் 1-லிருந்து வந்த பி.எஸ். 6 லாரிகள் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் வடிகட்டி, யூரியா கரைசல் என்று ஒரு குட்டி ரசாயன ஆலையே உட்கார்ந்திருக்கிறது. மாமாவின் வண்டியில் இருப்பது ஒரு சைலன்சர். எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் 370, பி.எஸ். 6 ஆகாது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளை 2023-லிருந்து கழித்துக்கட்டுவதில் நியாயம் இருக்கிறது. பழைய லாரியின் அருமையை ஓ.எம்.ஆர். ஏசியில் உட்கார்ந்து எழுதுவது சுலபம், அந்தப் புகையைச் சுவாசிப்பது திருவொற்றியூர்.

அம்மாவிடமே கேட்டோம். “அவன் சோறு அதுலதான் இருக்கு. ஆனா புகை கக்காம ஓட்டச் சொல்லு” என்றார்.

அதனால் மாமா ஒரு செலவைக் கூட்டிக்கொண்டார். டீசல் பம்பையும் நாசில்களையும் கேலிபரேஷனுக்கு அனுப்பினார். எரியாத டீசல்தான் கரும்புகை. இழுவை கூடும் என்று சிலர் பம்பில் டீசலைக் கூட்டி வைப்பார்கள். மாமா கூட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கிராங்க் கிரைண்டிங்கிலிருந்து திரும்பி வந்ததும் மெக்கானிக் அண்ணன் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தார். ஏற்கெனவே முப்பதில் இருந்தது, இப்போது நாற்பது.

“இதான் கடைசிணா. இதுக்கு மேல பேரிங்கு கிடையாது.”

“தெரியும்பா. எனக்கும் அதுக்கு மேல கிடையாது.”

நாலாவது நாள் ஸ்டார்ட் ஆனது. முதலில் வெள்ளையாகக் கொஞ்சம் புகை, அப்புறம் குழாயின் வாயில் வெறும் அனல். ஆயில் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தேன், லேசான சூடு மட்டும்தான். ரிங்குகள் ஸ்லீவோடு பழகவேண்டும், ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் எதையும் இழுக்கக்கூடாது என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலமே மாமாவுக்கு போன். எர்ணாவூர் மேம்பாலத்துக்கிட்ட ஒரு வேன் நின்றுவிட்டதாம். மாமா வண்டியை ஒரு தடவை பார்த்தார்.

“ஒரு மாசம் ஆவும்ணா. வேற ஆள் நம்பர் தரேன், எழுதிக்கோ.”