மலைச்சரிவும் ஆயிரம் லிட்டரும்

தமிழ்நாட்டில் வீட்டுத் தீயைத் தடுக்க எடுத்த முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் கூரையை மாற்றிய வரலாறுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கட்டில் பிடித்த தீ கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பிறகே பள்ளிகளில் கீற்றுக் கூரைக்கு முடிவு வந்தது. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் வந்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம். கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினரின் புல்வேய்ந்த வீடுகளும் இதே போக்கில் ஓட்டுக்கும் தளத்துக்கும் மாறிவந்திருக்கின்றன. இது நியாயமான வழி. ஆனால் பாதி வழி. தளம் எரியாது, அதன் கீழிருக்கும் ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியும் எரியும். புல்கூரை எரிந்து திறந்துகொள்ளும். காங்கிரீட் அறையோ வெப்பத்தையும் புகையையும் உள்ளேயே பிடித்துவைக்கும். கூரைக்கடியில் தண்ணீரைத் தயாராக வைத்திருப்பது என்ற மறுபாதி நம் சிறு வீடுகளுக்குள் வரவே இல்லை. அதைச் செய்யும் ஸ்பிரிங்க்ளர் என்றாலே ஐந்து நட்சத்திர ஓட்டல், பம்பு அறை, பெரிய தொட்டி என்று நினைக்கிறோம். அதன் கணக்கு வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இந்த நினைப்பு நிற்காது. மலைச்சரிவில் சுத்தமாக நிற்காது.

தொடக்கத்தில் ஸ்பிரிங்க்ளர் மனிதரைக் காக்க வந்ததல்ல, சரக்கைக் காக்க வந்தது. 1874இல் ஹென்றி பார்மலி என்பவர் அமெரிக்காவின் நியூ ஹேவனில் தன் பியானோ தொழிற்சாலைக்காக அதைச் செய்தார். 1881இல் ஃபிரெடரிக் கிரின்னெல் அதைத் திருத்தினார். நூற்பாலைகளும் அவற்றுக்குக் காப்பீடு தந்தவர்களும் அதைப் பரப்பினார்கள். அப்போது நீரியல் கணக்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது, அட்டவணைதான்: ஒரு அங்குலக் குழாயில் இரண்டு தலை (தண்ணீர் தெளிக்கும் முனை), ஒன்றேகால் அங்குலத்தில் மூன்று, இரண்டு அங்குலத்தில் பத்து. கேள்வி கேட்காமல் பெரிய குழாயாகப் போட்டுவிடும் இந்த முறையில் பாதுகாப்பு இருந்தது, சிக்கனம் இல்லை. 1905இல் ஆலன் ஹேஸனும் கார்ட்னர் வில்லியம்ஸும் வெளியிட்ட நீரியல் அட்டவணைகள் குழாயின் உராய்வில் எவ்வளவு அழுத்தம் இழக்கப்படுகிறது என்பதை எளிய சூத்திரமாக்கின. இருந்தும் ஸ்பிரிங்க்ளர் வீட்டுக்குள் நுழைய மேலும் எழுபது ஆண்டுகள் பிடித்தன. தீயில் சாகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் சாகிறார்கள் என்பதை அமெரிக்கா 1970களில் உரக்கப் பேசத் தொடங்கிய பிறகு, 1975இல் 13டி என்ற வீட்டுத் தரநிலை வந்தது. அதன் துணிச்சல், கேள்வியையே மாற்றியதில் இருக்கிறது. வீட்டைக் காப்பாற்ற எவ்வளவு தண்ணீர் என்று அது கேட்கவில்லை. தூங்குகிறவர் எழுந்து வெளியேற எவ்வளவு தண்ணீர் என்று கேட்டது. இரண்டு தலைகள், பத்து நிமிடம். சிறிய ஒருதள வீட்டுக்கு ஏழு நிமிடமே போதும் என்றது. (சினிமாவில் எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பொழிவது வெறும் காட்சி. சூடேறிய தலை மட்டுமே திறக்கும்.)

வழக்கமான ஒரு வீட்டுத் தலைக்கு அரை பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 49 லிட்டர் வேண்டும். இரண்டு தலை, பத்து நிமிடம் என்றால் 980 லிட்டர். மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. ஆக, தட்டுப்பாடு தண்ணீரில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. அரை பார் என்பது ஐந்து மீட்டர் உயர நீரின் அழுத்தம். மாடித் தொட்டி தலைக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். சமவெளியில் இந்தக் குறையைப் பம்பு நிரப்புகிறது. தீயன்று மின்சாரம் போனால் பம்பும் போயிற்று. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், பதினான்கு நாடுகளாகச் சிதறிக்கிடக்கும் கொல்லிமலை ஊர்களில் பல வீடுகளுக்குப் பின்னாலேயே மேடு இருக்கிறது. தொட்டியை நாற்பது மீட்டர் தள்ளிச் சரிவில் வைப்பதாகக் கொள்வோம். உள்விட்டம் 25 மில்லிமீட்டர் குழாய் போட்டால் உராய்வில் மட்டும் 17 மீட்டர் உயரம் வீணாகும். 32 மில்லிமீட்டர் போட்டால் ஐந்து மீட்டரோடு முடியும். உராய்வு இழப்பு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாவது படிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் வரும் வித்தியாசம் இது. தலைக்கு வேண்டிய ஐந்து மீட்டரையும் வளைவு, வால்வுகளுக்குக் கொஞ்சத்தையும் சேர்த்தால், தொட்டி பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர் மேலே இருந்தால் பம்பு வேண்டியதில்லை. நகரத்தில் கணக்குப் பிழையைப் பெரிய பம்பு மூடிமறைத்துவிடும். மலையில் மறைக்க எதுவும் இல்லை என்பதால் கணக்குக்கு இங்கேதான் மதிப்பு அதிகம்.

மறுப்புகளில் முதலாவது, கோடையில் குடிநீருக்கே அலையும் ஊரில் தீக்கு ஆயிரம் லிட்டரை யார் ஒதுக்குவார்கள் என்பது. ஒதுக்கும் வேலையை மனிதரிடம் விடாமல் குழாயிடம் விடலாம்: வீட்டுக் குழாயைத் தொட்டியின் பக்கவாட்டில் மேலேயும் தீக்குழாயை அடியிலும் பொருத்தினால், அடியில் நிற்கும் நீர் சமையலுக்கு இறங்காது, தொட்டி மட்டும் அதற்கேற்பச் சற்றுப் பெரிதாக வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட மலையில், தீயணைப்பு வண்டி எங்கிருந்து கிளம்பினாலும் முதல் பத்து நிமிடம் வீட்டுக்காரருடையதுதான் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இந்த எண்களெல்லாம் தட்டையான உட்கூரை உள்ள அமெரிக்க அறைகளில் சோதித்தவை; ஓட்டு வீட்டில் சூடு இடுக்குகள் வழியே வெளியேறிவிடும், தலை திறக்கத் தாமதமாகும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓட்டு வீட்டுக்கும் புல்வீட்டுக்கும் இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தளம் போட்ட புது வீடுகளுக்கும், வழி தெரியாத வெளியூர்க்காரர்கள் தூங்கும் தங்கும் விடுதிகளுக்கும்தான் இது பொருந்தும். விடுதிகளிலிருந்து தொடங்குவதே சரி. ஆனால் 1970இல் முதலில் வந்த இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016வரை திருத்தப்பட்டும், ஸ்பிரிங்க்ளர் விஷயத்தில் அதன் கவனம் உயரமான கட்டடங்கள் மேலேயே இருக்கிறது. வேல்ஸ் நாடோ 2016 முதல் புதிய வீடு ஒவ்வொன்றுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

செலவு என்ற மறுப்புக்கும் சரிவிலேயே பதில் இருக்கிறது. பத்து வீடுகள் ஒரே நேரத்தில் தீப்பிடிப்பது அரிது. எனவே ஒரே பொதுத்தொட்டியில் பத்துக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டியது அதே ஆயிரம் லிட்டர்தான். புல்வீடுகள் நெருக்கமாக நின்ற காலத்தில் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. கூரை மாற்றத்தின் பயன் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. பொதுத்தொட்டியிலிருந்து 200 மீட்டர் தூரத்துக்கு 32 மில்லிமீட்டர் குழாய் போட்டால் 26 மீட்டர் உயரம் உராய்வில் போய்விடும். 50 மில்லிமீட்டர் போட்டால் மூன்று மீட்டர்தான் போகும்.